மறு: ‘அன்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்’ – ‘தேடுபெயர்’ எனலாமா?

வணக்கம். நிரலின் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் இணைப்பி (லிங்க்கர்), வேண்டிய பெயர் ஒன்று கிடைக்காதபோது காட்டும் ‘அன்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்’ என்ற பிழைச்செய்திக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘வரையறுக்கப்படாத மேற்கோள்’ என்றே வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் படிப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். சி நிரலில் அடுக்கைக் கணக்கிடும் ‘பவ்’ செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைத்துவிட்டு, கட்டளையில் ‘-எல்எம்’ சேர்க்காமல் விட்டால் லினக்ஸில் வருவது இந்தப் பிழைதான். ‘பவ்’ வரையறுக்கப்பட்டுத்தான் இருக்கிறது, லிப்எம் என்ற கணித நிரலகத்தில் (ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பு; ‘-எல்எம்’ குறிப்பது இதைத்தான்). இணைப்பியை அங்கே பார்க்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ‘வரையறுக்கப்படாத’ என்று கண்ட மாணவர் தன் நிரலைத் திறந்து திருத்த உட்கார்ந்துவிடுவார். ‘மேற்கோள்’ இன்னும் தள்ளிப்போகிறது. இங்கே யாரும் யாரையும் எடுத்தாளவில்லை.

நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) ஆக்கித் தரும், இன்னும் இணைக்கப்படாத ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்றின்மேல், அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ‘மெயின்’ என்பதற்கு முன்னால் ‘டி’ நிற்கும், ‘பவ்’ என்பதற்கு முன்னால் ‘யு’ நிற்கும். முன்னது அந்தக் கோப்பு பிறருக்குத் தரும் பெயர், பின்னது பிறரிடம் தேடும் பெயர். எனவே ‘தருபெயர்’, ‘தேடுபெயர்’ என்ற சோடியை முன்வைக்கிறேன். இரண்டும் வினைத்தொகை, சுருக்கமானவை, அகராதி புரட்டாமலே புரிபவை.

பிழைச்செய்தி இப்படி அமையும்: “‘பவ்’ என்னும் தேடுபெயர் கிடைக்கவில்லை.” கிடைக்கவில்லை என்றதுமே ‘எங்கே தேடியது?’ என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டியதும் அதுதான். நிரலகத்தைக் கொடுத்தோமா, எந்த வரிசையில் கொடுத்தோம் என்று பார்க்கப் போவார். இணைப்பி கட்டளையை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. ஸ்டாட்டிக் நிரலகத்திலிருந்து (நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும் வகை), அதுவரை சேர்ந்த தேடுபெயர்களுக்கு வேண்டியதை மட்டும் எடுக்கிறது. நிரலகத்தை முன்னால் எழுதினால் எடுக்க எதுவும் இராது. உபுண்டுவில் 11.10 பதிப்பிலிருந்து ‘ஆஸ்-நீடட்’ (தேவைப்படும் நிரலகங்களை மட்டும் சேர்க்கும் தெரிவு) இயல்பாகவே இயங்குவதால், நிரல் ஓடும்போது சேரும் ஷேர்டு நிரலகங்களிலும் வரிசை தவறினால் இதே பிழைதான்.

‘தேடுபெயர்’ நிற்கும் இடத்துக்குக் குழுவில் வந்த ‘எச்சம்’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. வினைமுற்றுக்குக் காத்திருக்கும் எச்சம்போல ‘யு’வும் காத்திருக்கிறது. ஆனால் அதற்கு இணையாக மறுபக்கத்துக்கு ஒரு சொல் அமையவில்லை. ‘தருபெயர்’ இருந்தால் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ பிழையும் எளிதாகிறது: “‘எண்ணிக்கை’ என்னும் தருபெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகளில் உள்ளது.” 2020இல் வந்த ஜிசிசி 10 என்ற நிரல்பெயர்ப்பி ‘-எஃப்நோ-காமன்’ நிலையை (ஒரே மாறியைப் பல கோப்புகள் தந்தால் ஒன்றாக்காமல் பிழையாகக் கொள்வது) இயல்பாக்கிய பிறகு, பல கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பில் ‘எக்ஸ்டர்ன்’ (‘வேறிடத்தில் உள்ளது’ என்ற குறிப்பு) போடாமல் மாறியை அறிவித்த பழைய நிரல்கள் பலவும் இந்தப் பிழையில்தான் நின்றன.

இணையத்தில் தேடத் தட்டச்சிடும் ‘தேடுசொல்’லோடு ‘தேடுபெயர்’ குழம்பாதா என்ற கேள்வி நியாயமானது. இணைப்பியின் செய்தியில் கோப்பின் பெயரும் சேர்ந்தே வருவதால் குழப்பம் வராது என்றே கருதுகிறேன்.

எனக்கு விடை எட்டாதது சி++ இல் ‘விடேபிள்’ (விர்ச்சுவல் செயற்கூறுகளின் முகவரிப் பட்டியல்) கிடைக்கவில்லை என்று வரும் இதே பிழைச்செய்திதான். ஒரு வகுப்பில் (கிளாஸ்) இன்லைனோ ப்யூரோ அல்லாத முதல் விர்ச்சுவல் செயற்கூற்றுக்கு (வழிவந்த வகுப்புகள் மாற்றி எழுதக்கூடியது) உடல் எழுதாமல் விட்டால் அது வருகிறது. அங்கே தேடப்படும் பெயர் நிரலர் எழுதியதே அல்ல, நிரல்பெயர்ப்பி தானே உண்டாக்கியது. ‘விடேபிள்’ என்பதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?