மருத்துவ உதவியோடு இறக்கும் உரிமை: வலிதான் காரணம் என்று நினைத்திருந்தேன், இல்லையா?

கூழாங்கல் எழுதியது:

இந்த விவாதத்தில் நான் நெடுநாளாக ஆதரவு அணி. தீராத நோய், தாங்க முடியாத வலி, நல்ல நினைவோடு அந்த மனிதரே கேட்கிறார், இரண்டு மருத்துவர்கள் பார்த்து ஒப்புக்கொள்கிறார்கள், அப்புறம் நடுவில் நின்று தடுக்கச் சட்டம் யார் என்பதுதான் என் கட்சி. யாராவது மறுத்தால் "நீங்கள் வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவேன்.

போன வாரம் ஒருவரோடு வாக்குவாதம் முற்றிப்போய், புள்ளிவிவரத்தோடு மடக்கலாம் என்று அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆண்டறிக்கைகளை எடுத்துப் படித்தேன். அங்கே 1997லிருந்து சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் மரணம் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதிசெய்தால்தான் மருந்துச் சீட்டு, அதையும் நோயாளி தானே எடுத்துக்கொள்ள வேண்டும். காரணங்கள் பட்டியலைப் பார்த்தால் வலி முதலிடத்தில் இல்லை, முதல் மூன்றிலும் இல்லை. வாழ்க்கை தன் கையை விட்டுப் போகிறது, பிடித்த எதையும் செய்ய முடியவில்லை, மானம் போகிறது, இவைதான் வருடா வருடம் மேலே நிற்கின்றன. "குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவேன்" என்பதும் பத்தில் நாலு பேருக்குமேல் சொன்ன காரணம்.

மடக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். வலிக்காகத்தான் இந்தச் சட்டம் என்று சொல்லி ஆதரவு கேட்கிறோம், கேட்டு வருகிறவர்கள் வேறு எதற்காகவோ வருகிறார்கள். பாரமாக இருக்கிறேன் என்று ஒருவர் நினைப்பது அவருடைய சுதந்திரமான முடிவா, இல்லை சுற்றியிருப்பவர்கள் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவா? இதை எந்த இரண்டு மருத்துவர்கள் கண்டுபிடிப்பார்கள்?

இராப்பணி எழுதியது:

நான் வலிதணிப்புப் பிரிவில் செவிலியர். முதலில் ஒரு சின்னத் திருத்தம். அந்தக் காரணங்களை நோயாளி தன் கையால் எழுதுவதில்லை, மருத்துவர் பின்னால் ஒரு படிவத்தில் குறிப்பது. "வலி" என்ற கட்டமும் இருக்கிற வலியை மட்டும் சொல்வதில்லை, இனி வரப்போகிற வலியைப் பற்றிய பயத்தையும் சேர்த்துத்தான். அந்தப் பயத்தையும் சேர்த்துமே அது கீழே நிற்கிறது என்றால் நீங்கள் புரிந்துகொண்டது பெரும்பாலும் சரிதான்.

என் அனுபவத்தில் "போதும், என்னை அனுப்பிவிடுங்கள்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அதற்கு ஒரே அர்த்தம் கிடையாது. ஒருவர் அப்படிச் சொன்னபோது உட்கார்ந்து கேட்டால், மலச்சிக்கலில் நாலு நாளாகத் துடித்துக்கொண்டிருக்கிறார் (மார்ஃபின் கொடுக்கும்போது அதற்கும் சேர்த்து மருந்து எழுத யாரோ மறந்துவிட்டார்கள்). இன்னொருவருக்கு மகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்வது பொறுக்கவில்லை. மூன்றாவது ஒருவர் எல்லாம் சரியாக இருந்தும், வலி அடங்கியும், தெளிவாக, மாதக்கணக்கில் அதையேதான் சொன்னார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. வலிதணிப்புச் சிகிச்சை இருந்தால் யாருமே கேட்கமாட்டார்கள் என்று சொல்லும் சக ஊழியர்களோடு எனக்கு இதனால்தான் ஒத்துப்போவதில்லை. ஆனால் அந்த முதல் இரண்டு பேரும் உடனே கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்பதும் உண்மை.

மூன்றாம்படி எழுதியது:

என் பயம் வேறு மாதிரி. நான் பிறந்ததிலிருந்து எழுந்து நிற்காதவன். குளிக்க, உடுத்த, கழிப்பறை போக இன்னொருவர் வேண்டும். கூழாங்கல் எழுதிய அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள், பிறர் கையை எதிர்பார்ப்பது, மானம் போவது. இது என் செவ்வாய்க்கிழமை காலை! அதைச் சாவதற்குப் போதுமான காரணம் என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்ளும்போது என்னைப் பற்றியும் அது ஏதோ சொல்லிவிடுகிறது.

"ஆறு மாதம் என்ற எல்லை இருக்கிறதே, நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள்" என்பார்கள். கனடாவில் 2016ல் சட்டம் வந்தபோது மரணம் ஓரளவு நெருங்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. 2021ல் அதை எடுத்துவிட்டார்கள். மனநோய் மட்டுமே இருப்பவர்களுக்கும் திறப்பதாக அறிவித்து, தள்ளித் தள்ளி இப்போது 2027 மார்ச் என்று வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் தொடக்கத்திலிருந்தே, அதாவது 2002லிருந்தே, மரணம் நெருங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, மீட்சியில்லாத தாங்க முடியாத துன்பம் என்பதுதான் அளவுகோல். சரி, ஓரிகன் இத்தனை வருடமாக அந்த ஆறு மாதத்தைத் தாண்டவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லா இடத்திலும் சறுக்கும் என்று சொல்லவில்லை. சறுக்கும் இடத்தில் முதலில் விழுகிறவன் யார் என்றுதான் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து உதவ ஓர் ஆளைக் கேட்டால் வருடக்கணக்கில் காக்கவைக்கும் அரசு, இதற்கு மட்டும் சில வாரத்தில் முடிவு சொன்னால் நான் எதை நம்புவது?

வேப்பங்காற்று எழுதியது:

எல்லோரும் தயவுசெய்து கருணைக்கொலை என்ற ஒரே சொல்லில் மூன்று விஷயத்தைக் குழப்ப வேண்டாம். வென்டிலேட்டரை மறுப்பது அல்லது எடுப்பது ஒன்று, இதை இந்திய உச்ச நீதிமன்றமும் 2018ல், இப்படிப்பட்ட சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிலோடு அனுமதித்துவிட்டது. மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நோயாளியே எடுத்துக்கொள்வது இன்னொன்று. மருத்துவரே ஊசி போடுவது வேறு. இழையில் யார் எதை எதிர்க்கிறீர்கள் என்றே புரியவில்லை.

பன்னிரண்டாம் அறை எழுதியது:

வேப்பங்காற்று சொன்ன அந்த இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான் என் அண்ணன் மாட்டிக்கொண்டார். இயக்க நரம்பணு நோய். மூளை பெரும்பாலும் தெளிவாக இருக்கும், கை, கால், நாக்கு, விழுங்கும் தசை, கடைசியில் மூச்சு, ஒவ்வொன்றாகப் போகும். "தானே எடுத்துக்கொள்ள வேண்டும்" என்ற விதி பாதுகாப்புக்காகத்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அண்ணன் மாதிரி ஒருவருக்கு அதன் பொருள், கை ஓடும்போதே போய்விடு என்பது. இன்னும் ஒரு வருடம் ஆசையாக இருந்திருக்கக்கூடியவர் முன்னாலேயே முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கனடா உச்ச நீதிமன்றம் 2015ல் தடையை நீக்கியபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று: தடைச் சட்டமே சிலரைச் சீக்கிரம் சாகத் தள்ளுகிறது, ஆகவே அது உயிர்வாழும் உரிமைக்கே எதிரானது. அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம்படி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் நீங்கள் வாழ உதவி கேட்டுப் போராடுவதும் என் அண்ணன் கேட்டதும் ஒன்றையொன்று வெட்டவேண்டியதில்லை என்றுதான் இன்னும் நம்புகிறேன். ஓரிகனில் சீட்டு வாங்கியவர்களில் கணிசமானவர்கள் அந்த மருந்தை எடுக்காமலேயே இறக்கிறார்கள். வாங்கி வைத்திருப்பதே போதுமாக இருந்திருக்கிறது, அவர்களில் சிலருக்காவது.

கூழாங்கல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம்படி, உங்கள் செவ்வாய்க்கிழமைக் காலை மண்டையை விட்டுப் போகவில்லை. ஒன்று கேட்க வேண்டும், மறதி நோய் வரும் என்று தெரிந்து முன்கூட்டியே எழுதிவைப்பவர்கள் விஷயத்தில் ஆதரவாளர்கள் என்ன சொல்கிறீர்கள்? என் பெரியம்மாவுக்கு இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள், அவர் கேட்டார், அதனால்தான் இந்த வாக்குவாதமே.

இராப்பணி எழுதியது:

நெதர்லாந்தில் 2016ல் நடந்ததைத் தேடிப் பாருங்கள். தெளிவாக இருந்தபோது எழுதிவைத்த ஒரு பெண்மணி, மறதி முற்றிய பிறகு ஒரு சமயம் வேண்டும் என்றார், ஒரு சமயம் இப்போது வேண்டாம் என்றார். மருத்துவர் எழுத்தை நம்பி உயிரை முடித்துவைத்தார், அந்தப் பெண்மணிக்குத் தெரியாமல் காபியில் மயக்க மருந்து கலந்து. வழக்காகி 2019ல் மருத்துவருக்கு விடுதலை, 2020ல் அங்குள்ள உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டப்படி சரி. என்னால் அந்த அறையில் நின்றிருக்க முடியாது. எழுதியவரும் படுக்கையில் இருப்பவரும் ஒருவர்தானா என்ற கேள்விக்கு நீதிமன்றம் ஒரு பதில் சொல்லிவிட்டது, என் கை சொல்லமாட்டேன் என்கிறது. பெரியம்மாவிடம் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள், ஒரு தடவை அல்ல.

கூழாங்கல் எழுதியது:

கேட்கிறேன். பன்னிரண்டாம் அறை, தவறாக நினைக்காதீர்கள், அண்ணன் கடைசியில் எப்படி?

பன்னிரண்டாம் அறை எழுதியது:

மூச்சுக் கருவியை நிறுத்தச் சொல்லித்தான். அதற்குச் சட்டச் சிக்கல் இல்லை. பார்த்த ஒவ்வொரு மருத்துவரிடமும் "மூச்சு நின்றுபோகும்போது என்ன செய்வீர்கள்" என்று எழுத்துப் பலகையைக் கண்ணால் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார், எல்லோரும் அது அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். ஒரு வலிதணிப்பு மருத்துவர் மட்டும் கட்டிலோரம் உட்கார்ந்து, முதலில் மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மருந்து, நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று நான் பார்த்த பிறகுதான் முகமூடியைக் கழற்றுவேன், திணறினால் திரும்பப் போட்டுவிட்டு இன்னும் மருந்து, முடியும்வரை நான் வெளியே போகமாட்டேன் என்றார். அண்ணன் அன்றைக்கு ராத்திரி தூங்கினார். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார்.