மூடுபனி வந்தால் கேட் மூடாமல் திரும்பிவிடுகிறது – உதவி வேண்டும் (சான் பிரான்சிஸ்கோ)

கேள்வி – கோல்டன் கேட் ஹைட்ஸ் வீட்டுக்காரர்

வணக்கம். எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் தானியங்கி கேட் ஒரு மாதமாகப் படுத்துகிறது. இதே தொல்லையை யாராவது பார்த்திருந்தால் வழி சொல்லுங்கள்.

ஒற்றைக் கதவு, இரும்பு, 12 அடி நீளம், உள்பக்கமாகத் திறக்கும். கதவை இழுத்துத் தள்ளுகிற கை மாதிரியான மோட்டார். 24 வோல்ட், பெட்டிக்குள் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் 2017-இல் போட்டது. கீல் இருக்கும் தூணில் ஒரு சென்சார் கண், எதிர்த் தூணில் அதற்கான வட்ட ரிஃப்ளெக்டர்.

பகல் பதினொரு மணியிலிருந்து மாலை வரை ஒரு குறையும் கிடையாது. ஆறு, ஏழு மணிக்குக் கடல் பக்கமிருந்து பனி மேலே ஏறி வரும். வந்து ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்துவிடும். கதவு பாதி மூடும், நிற்கும், திரும்பத் திறந்துகொள்ளும். சில இரவுகளில் மூடவே தொடங்குவதில்லை. காலையில் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போதும் இதே கதைதான்.

கேட் பழுது பார்க்கும் ஒருவரை வரவழைத்தேன். அவர் வந்தது மதியம் ஒரு மணிக்கு. நல்ல வெயில். பத்து தடவை திறந்து மூடினார், பத்தும் சரியாக வேலை செய்தது. "மின்சுற்றுப் போர்டில் ஈரம் இறங்கியிருக்கும், போர்டும் மோட்டாரும் மாற்ற வேண்டும்" என்று சொல்லி 2,800 டாலர் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், சென்சார் கண்ணை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஏமாற்றிவிடலாம், காசு மிச்சம் என்கிறார். வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறாள். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம், சம்பந்தம் உண்டா தெரியவில்லை. குளிர்காலத்திலிருந்து கதவின் பூட்டு முனை தரையில் உரசியது. நான்தான் அந்த இடத்தில் சிமெண்டைக் கொஞ்சம் தேய்த்துவிட்டேன். போன வாரம் கரண்ட் போனபோது சாவி போட்டு மோட்டாரைக் கதவிலிருந்து விடுவித்தேன். திறந்திருந்த கதவு தானாகவே வேகமாக வந்து மூடிக்கொண்டது. அப்பாவின் கை நூலிழையில் தப்பியது.

பதில் – பசிபிகாவிலிருந்து

தம்பி, 2,800 டாலரை இப்போது கொடுக்காதீர்கள். நாங்கள் பசிபிகாவில் கடலைப் பார்த்த மேட்டில் பதினொரு வருடமாக இருக்கிறோம். பனி வந்தால் கெட்டு, வெயில் வந்தால் சரியாகிற எதையும் முதலில் சென்சார் கண்ணில்தான் தேடுவேன்.

கோடையில் உள்நாட்டுச் சமவெளி கொதிக்கக் கொதிக்க, கடலின் குளிர்ந்த ஈரக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அது மேட்டில் மோதி உங்கள் வீட்டின் மேல்தான் தங்கும். காற்றில் மிதக்கிற பனியைவிட, கண்ணாடி மேல் படிகிற நீர்த்துளிதான் தொல்லை. உங்களுடையது ரிஃப்ளெக்டர் வகை. ஒளி எதிர்த் தூணுக்குப் போய்த் திரும்பியும் வர வேண்டும். போகும்போது ஈரம், ரிஃப்ளெக்டரில் ஈரம், வரும்போது ஈரம். கண்ணுக்கு ஒளி திரும்பி வராவிட்டால் நடுவில் ஆள் நிற்கிறார் என்றுதான் அது நினைக்கும். கதவைத் திருப்பித் திறந்துவிடும்.

இன்று இரவு கெட்டுப்போகிற அந்த நேரத்தில் வெளியே போய், காய்ந்த பருத்தித் துணியால் கண்ணையும் ரிஃப்ளெக்டரையும் துடைத்துவிட்டு மூடிப் பாருங்கள். எண்ணெய் ஸ்ப்ரே எதுவும் அடிக்க வேண்டாம், அது உப்பையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியே பெட்டியைத் திறந்து எறும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் போர்டில் ஒருமுறை கூடே கட்டியிருந்தது.

பதில் – ட்வின் பீக்ஸ் பக்கத்திலிருந்து

ரிமோட்டையும் சந்தேகப்படுங்கள். சூட்ரோ டவர் உங்களுக்கு மிக அருகில். 977 அடி உயரம், 1973-இலிருந்து நகரத்தின் பல தொலைக்காட்சி, வானொலி அலைகள் அங்கிருந்துதான் போகின்றன. என் கார்ச் சாவி சில நாள் வீட்டு வாசலில் வேலை செய்யாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ரிமோட் இல்லை என்று நினைக்கிறேன். திறந்து முப்பது விநாடியில் கதவு தானாக மூட வேண்டும், அதுவும் நடப்பதில்லை. தவிர, கோபுரம் பகலிலும் அங்கேயேதானே இருக்கிறது.

துடைத்துப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணி, எதிர்வீட்டு விளக்கே மங்கலாகத் தெரிகிற பனி. துடைத்ததும் மூன்று தடவை ஒழுங்காக மூடியது. நாற்பது நிமிடம் கழித்துப் பழையபடி திரும்பியது. எறும்பு இல்லை. அப்படியானால் கண்தான் பழுது, அதை மட்டும் புதிதாக வாங்கி மாட்டினால் போதுமா?

பதில் – டேலி சிட்டி, கேட் வேலை செய்பவர்

போதாது தம்பி. வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள். பத்தொன்பது வருடமாக இந்தக் குன்றுகளில் கேட் வேலைதான் செய்கிறேன். பசிபிகா அக்கா சொன்ன துடைக்கும் சோதனை சரியான சோதனை. ஆனால் உங்கள் கண் 2017-இலிருந்து பனியைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது? இத்தனை கோடைக்குத் தாங்கியது இந்த வருடம் ஏன் தாங்கவில்லை?

சம்பந்தம் உண்டா தெரியவில்லை என்று நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு விஷயங்களில்தான் பதில் இருக்கிறது. பூட்டு முனை தரையில் உரசுகிறது. விடுவித்தால் கதவு தானாக மூடிக்கொள்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்று: கீல் தூண் வாசல் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 12 அடி இரும்புக் கதவின் மொத்தப் பாரமும் அந்த ஒரு தூணை ராப்பகலாக வாசல் பக்கமாக இழுக்கிறது. உங்கள் மேட்டில் கீழே பாறை, மேலே பழைய மணல்மேட்டு மணல். கிராண்ட்வியூ பூங்காவுக்கு ஏறிப் போனால் இரண்டையும் கண்ணாலேயே பார்க்கலாம். மழைக்காலத்தில் அந்த மணல் நனைந்து இளகும்போது ஆழமில்லாத அஸ்திவாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும்.

இப்போது கண்ணுக்கு வருவோம். சாய்ந்த தூணின் மேல்தானே கண் இருக்கிறது? தூண் ஒரு டிகிரி சாய்ந்தால், நாலு மீட்டர் தள்ளி இருக்கிற ரிஃப்ளெக்டரில் ஒளி ஏழு சென்டிமீட்டர் கீழே போய் விழும். உங்கள் ரிஃப்ளெக்டரின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். வட்டத்தின் விளிம்பில் பட்டும் படாமலும் விழுந்துகொண்டிருக்கும். வெயிலில் அந்தக் கொஞ்ச ஒளியே போதும். பனியில் ஈரம் அதிலும் பாதியைத் தின்றுவிட்டால் போதாது. பகலில் வந்தவர் ஒரு குறையும் காணாததற்கு இதுதான் காரணம். பனிப் பழுதைப் பனியில் வந்து பார்க்க வேண்டும். நான் இந்தப் பக்கத்துப் புகார்களுக்குக் காலை ஏழு மணிக்குத்தான் போவேன்.

ஒரு ரசமட்டத்தை எடுத்துத் தூணின் வாசல் பக்க முகத்தில் வைத்துப் பாருங்கள். தூக்குக் குண்டு இருந்தால் இன்னும் நல்லது. பிறகு கறுப்பு அட்டை ஒன்றை ரிஃப்ளெக்டரின் அடியிலிருந்து மெல்ல மேலே ஏற்றுங்கள். கண்ணில் இருக்கிற சின்ன விளக்கு எந்த இடத்தில் மாறுகிறது என்று கவனியுங்கள். பிறகு மேலிருந்து கீழே அதையே செய்யுங்கள்.

கம்பி போட்டு ஏமாற்றுகிற பேச்சே வேண்டாம். அமெரிக்காவில் கேட் மோட்டாருக்கான யுஎல் 325 என்ற பாதுகாப்பு விதி 2016 ஜனவரியில் கடுமையானது. அதன் பிறகு தயாரான மோட்டார், கண் உயிரோடு இருக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும், பதில் வராவிட்டால் தானாக மூடாது. அந்தச் சோதனையையும் ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடித்தால், குழந்தை நிற்பது தெரியாத ஒரு கேட்டை நீங்களே கையால் செய்ததாக ஆகும். மோட்டாரின் தள்ளு விசையைக் கூட்டிவைக்கச் சொல்வார்கள், அதையும் செய்யாதீர்கள்.

இன்னொன்று, இது அவசரம். மேட்டு வீட்டில் சாவி போட்டு விடுவிப்பதற்கு முன்னால் கதவுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள், அல்லது சங்கிலியால் கட்டுங்கள். மோட்டாரைக் கழற்றினால் கதவு தன் பாரத்தாலேயே ஓடக் கூடாது என்று எஃப் 2200 என்ற கட்டுமான விதியே இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது போன்றவற்றுக்காகத்தான் அந்த விதி. தூண் சரியாகும் வரை அவரையும் அம்மாவையும் அந்தச் சாவியைத் தொடவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. இரண்டடி ரசமட்டத்தைக் குமிழி நடுவில் நிற்கும்படி வைத்தால், தூணுக்கும் அதற்கும் இடையில் ஒரு முனையில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. அட்டையை அடியிலிருந்து ஏற்றினேன். ரிஃப்ளெக்டரின் கீழ் கால்வாசி மறைந்ததுமே விளக்கு மாறிவிட்டது. மேலிருந்து இறக்கினால் முக்கால்வாசி மறைத்தும் மாறவில்லை.

கதவு இப்போது சங்கிலியில்தான் இருக்கிறது. பேட்டரியையும் அளந்தேன். ஓய்வில் 25.4 வோல்ட். கதவு திறக்கும்போது 22-க்கு இறங்குகிறது.

பதில் – டேலி சிட்டி, கேட் வேலை செய்பவர்

இரண்டடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி. கணக்கு ஒத்துவருகிறது.

ஓய்வில் நல்ல வோல்ட் காட்டி, வேலை கொடுத்ததும் இப்படி விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான் அதன் ஆயுள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று பழையது ஒன்று புதியது வேண்டாம். ஆனால் பழி முழுவதும் பேட்டரி மேல் இல்லை. சாய்ந்த தூணில் கதவைத் திறப்பது மேட்டில் ஏற்றுவது மாதிரி, மோட்டார் ஒவ்வொரு தடவையும் இழுத்துத் திணறியிருக்கும்.

இன்றைக்குச் சமாளிக்க, கண்ணின் பிடியைத் தளர்த்தி ஒளி ரிஃப்ளெக்டரின் நடுவில் விழுமாறு சற்று மேலே திருப்புங்கள். இது தற்காலிகம்தான், அடுத்த மழையில் மறுபடி இறங்கும். நிரந்தர வேலை தூண்தான். பூட்டு முனையைத் தூக்க கதவின் குறுக்கே இழுகம்பி போட்டுத் தரலாம் என்று யாராவது சொன்னால், கதவு நிமிரும், தூண் நிமிராது.

கண்ணையும் மாற்றுவதானால் இரு பக்கமும் கண் இருக்கிற வகைக்குப் போங்கள். ஒரு தூணிலிருந்து அனுப்பும், எதிர்த் தூணில் வாங்கும். ஒளிக்கு ஒரு வழிப் பயணம்தான் என்பதால் பனியில் அதற்கு இருக்கிற தெம்பு ரிஃப்ளெக்டர் வகைக்கு வராது. எதிர்த் தூணுக்கும் மின்கம்பி இழுக்க வேண்டும், பாதையின் கான்கிரீட்டில் ஒரு வரி வெட்ட வேண்டும் என்பதால்தான் பலர் ரிஃப்ளெக்டரோடு நிறுத்திவிடுகிறார்கள். எப்படியும் தூணுக்குத் தோண்டுகிறீர்கள், இதையும் சேர்த்து முடித்துவிடுங்கள். மேலே சின்னக் கூரை மாதிரி உறை போடுங்கள்.

தூண் வேலைக்குக் கம்பிகளைப் பிரிக்கும்போது இணைப்புகளைப் பாருங்கள். கடல் உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மைல்தான். செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அந்த நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே ஜெல் நிரப்பிய இணைப்பான்களால் முடியுங்கள். மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற குழாயின் வாயை அடைப்பு மாவு வைத்து மூடுங்கள். குளிர்ந்த இரவில் குழாய் வழியாக ஈரக் காற்று பெட்டிக்குள் ஏறித்தான் பல வீடுகளில் போர்டு நனைகிறது.

பதில் – ரிச்மண்ட் பகுதியிலிருந்து

இடையில் ஒரு கேள்வி. கண்ணாடியைச் சூடாக்குகிற சென்சார்கள் கிடைக்கின்றனவே, எங்களுக்கும் இதே தொல்லை, அதை வாங்கலாமா?

பதில் – டேலி சிட்டி, கேட் வேலை செய்பவர்

நல்லதுதான், துளி படியாது. ஆனால் சூட்டுக்கு மின்சாரம் தொடர்ந்து வேண்டும். சோலார் கேட் என்றால் மூடுபனி நாட்களின் கொஞ்ச வெயிலில் பேட்டரி தாங்காது, வேண்டாம். வீட்டு மின்சாரம் என்றால் தாராளமாக. ஆனால் முதலில் உங்கள் தூணிலும் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் முடிவைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

அண்ணா சொன்ன தற்காலிகத் திருத்தம் செய்த அன்றே கேட் மூடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் தூணை விடவில்லை. தோண்டியபோது பழைய அஸ்திவாரம் இரண்டடிகூட இல்லை, சுற்றிலும் வெறும் மணல், கையால் அள்ளலாம். மூன்றரை அடியில் பாறை தட்டியது. அதுவரை இறக்கிக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டார்கள். கான்கிரீட் இறுகட்டும் என்று ஒரு வாரம் கதவை மாட்டவில்லை. கம்பி இணைப்புகளில் இரண்டு பச்சையாகிப் பொடியாக உதிர்ந்தன. புதுக் கண்கள், புதுப் பேட்டரி, தூண் எல்லாம் சேர்த்து 1,900 டாலர் ஆனது. போர்டும் மோட்டாரும் பழையவைதான், ஈரம் துளியும் இல்லை.

நேற்று இரவு பதினொரு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். எங்கள் படிக்கட்டிலிருந்து எதிர்த் தூண் தெரியவில்லை, அவ்வளவு பனி. ஆறு தடவை திறந்து மூடினேன், ஆறு தடவையும் மூடியது. நடுவில் ஒருமுறை குழந்தையின் தள்ளுவண்டியை வைத்தேன், உடனே நின்று திரும்பியது. காலையில் கட்டை கொடுத்துவிட்டு மோட்டாரை விடுவித்து, மெதுவாகக் கட்டையை எடுத்தேன். கதவு நின்ற இடத்திலேயே நின்றது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி.

பதில் – பசிபிகாவிலிருந்து

படித்ததும் நிம்மதியாக இருந்தது தம்பி. மாதம் ஒருமுறை அந்தக் கண்களைத் துடைத்துவிடுங்கள், உப்பு படியும். நானும் இன்று எங்கள் தூணில் ரசமட்டம் வைத்தேன். அரை டிகிரி சாய்ந்திருக்கிறது. டேலி சிட்டி அண்ணா, மழைக்கு முன்னால் ஒரு காலை எங்கள் பக்கம் வர முடியுமா?