தங்கையின் மகள் ஊருக்கு வருகிறாள்: நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கல்லடிப் பெரியம்மா

என் தங்கையும் கணவரும் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். பதினொரு வருடக் காத்திருப்புக்குப் பிறகு கடந்த மாசியில் ஒடிசாவின் புவனேஸ்வருக்குப் போய், நான்கு வயதுப் பெண் குழந்தையை மகவேற்று, அதாவது தத்தெடுத்து, அழைத்துச் சென்றார்கள். மாவட்ட ஆட்சியரின் கட்டளை, கடவுச்சீட்டு, நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கைப்படியான சான்றிதழ் எல்லாம் முறையாக முடிந்தன. இரண்டு வருடங்களுக்குக் குழந்தையின் நிலை பற்றிய அறிக்கைகள் இந்தியாவுக்குப் போக வேண்டுமாம். அதெல்லாம் தங்கையின் பொறுப்பு. என் கேள்வி வேறு.

ஆடி அமாவாசையை ஒட்டி மூவரும் ஒரு மாதம் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். தங்கையின் மகளைப் பெறாமகள் என்றுதான் நாங்கள் சொல்வோம். அவள் யார் வயிற்றில் பிறந்திருந்தாலும் எனக்குப் பெறாமகள்தான். எனக்கு இதில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

அம்மாவுக்கு 78 வயது. பேத்திக்குச் சங்கிலி செய்து வைத்துவிட்டார். வந்த மறுநாளே உறவினர் அறுபது பேருக்குச் சாப்பாடு என்கிறார். குழந்தையின் ஐந்தாவது பிறந்தநாளும் இங்கேதான் வருகிறது. அன்று ஒரு சிறுவர் இல்லத்துக்கு மதிய உணவு கொடுத்து, குழந்தையின் கையாலேயே பரிமாறவைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நேற்று இரவு விளக்கை அணைத்த பிறகு கேட்டார்: "இந்தப் பிள்ளை எந்தக் குடி?" எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்பது தாய்வழியில் வரும் குலப்பிரிவு. பெற்ற தாய் யாரென்றே தெரியாத பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வது?

தம்பிலுவில் மகள்

அக்கா, நான் லண்டனில் வசிக்கிறேன். 2016இல் நானும் கணவரும் புனேக்குப் போய் எங்கள் மகனை அழைத்து வந்தோம். அப்போது அவனுக்கு மூன்று வயது.

விடுதி அறையில் முதல் ஐந்து இரவுகளும் சப்பாத்தோடுதான் தூங்கினான். கழற்றினால் விழித்துவிடுவான். ஆனால் பகலில் யார் கை நீட்டினாலும் போவான். வாசற்காவலரின் மடியிலும் இருந்தான், லிப்டில் பார்த்த அந்நியப் பெண்ணின் தோளிலும் சாய்ந்தான். எவ்வளவு நல்ல பிள்ளை, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிறான் என்று பூரித்துப் போனோம். லண்டனில் சமூகப் பணியாளர்தான் விளக்கினார். அவன் முன்பு இருந்த சிறுவர் இல்லத்தில் காலையில் ஒரு ஆயா, இரவில் வேறொருவர். கிடைத்த கையைப் பிடித்துக்கொள்ளப் பழகிய பிள்ளைக்கு, தன்னுடைய கை எது என்று இன்னும் தெரியாது.

அதனால் முதல் இரண்டு கிழமைகளாவது ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் தங்கையும் கணவரும் மட்டுமே செய்யட்டும். பிள்ளை விழுந்து அழுதபடி உங்களிடம் ஓடி வந்தால், கையைப் பிடித்துத் தாயிடம் கூட்டிச் செல்லுங்கள். தூக்கி அணைக்க நெஞ்சு துடிக்கும். எங்கள் அம்மா குசினிக்குள் போய் அழுதார். ஆனாலும் செய்தார். அம்மம்மாவிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போவதும் இப்போதைக்கு வேண்டாம். அறுபது பேரும் ஒரே நாளில் வர வேண்டாம். வீடு வீடாக, சிறிது சிறிதாக வரட்டும்.

சிறுவர் இல்லத்துக்கு மட்டும் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். வரிசைக் கட்டில்களையும் ஒரே மாதிரித் தட்டுகளையும் கண்டால் அவள் என்ன நினைப்பாள்? திருப்பி விட வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பாள்.

குடியைப் பற்றி: எங்கள் அம்மாவும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் போய்க் கேட்டார். அவர், "தாய் யார்? உன் மகள்தானே? அவளுடைய குடிதான்" என்று சொல்லிவிட்டார். எல்லா ஊரிலும் இப்படிச் சொல்வார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன். உங்கள் அம்மா ஒருமுறை சொல்லிவிட்டால் வீட்டுக்குள் அதுவே போதும்.

இன்னொன்று. ஒடியாவிலும் மராத்தியிலும் தண்ணீருக்குப் "பாணி" என்பார்கள். பிள்ளை பாணி கேட்டால், நம் வீட்டில் தயிரும் கித்துள் பாணி எனும் இனிப்புப் பாகும் கொண்டுவந்து வைப்பார்கள். என் மகன் தாகத்தோடு அழுதுகொண்டிருந்தான், நாங்கள் கரண்டியில் பாணியை நீட்டிக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நாவலடித் தம்பி

அந்த மதிய உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26இல் சுனாமியில் பெற்றோரை இழந்தபோது எனக்கு ஆறு வயது. சித்தி வந்து அழைத்துப் போகும்வரை எட்டு மாதங்கள் ஓர் இல்லத்தில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் எங்களை வரிசையில் நிறுத்துவார்கள். முகம் தெரியாத பிள்ளைக்குப் பாட்டுப் பாடிவிட்டு, படம் எடுத்த பிறகே சாப்பிடுவோம். சோறு நன்றாகத்தான் இருந்தது. கொடுத்தவர்கள் நல்லவர்கள். ஆனால் அந்த வரிசையில் நின்ற பிள்ளையையே கரண்டியோடு எதிர்ப்பக்கத்தில் நிறுத்துவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளுக்குக் கேட்கும்படி "பாவம்" என்று யாரும் சொல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிய மொழி தேவையில்லை.

காத்தான்குடி உம்மா

வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையர் பெயராலேயே அழைக்கும்படி குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் சொல்கிறது. அதனால் நாங்கள் எங்கள் மகளிடம் எதையும் மறைக்கவில்லை. ஊட்டும்போதே கதைபோலச் சொல்லி வந்தோம். உங்கள் முறை வேறு. ஆனாலும் ஒடிசாவைப் பற்றி வீட்டில் தாழ்ந்த குரலில் கதைக்க வேண்டாம் சகோதரி. அது அவளுடைய ஊர்.

கல்லடிப் பெரியம்மா

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தம்பி எழுதியதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். மதிய உணவை அப்பாவின் திவசத்துக்கு மாற்றிவிட்டார். பணத்தை முன்னரே கட்டிவிடுவோம், யாரும் போய் நிற்கமாட்டோம். சாப்பாட்டுக்கு அழைத்த அறுபது பேரில் மாமி குடும்பம் மட்டும் முதல் கிழமையில் வருகிறது.

குடியைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. இன்று காலை பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று அதே கேள்வியைக் கேட்டபோது, "எங்கள் குடிதான், வேறென்ன?" என்று சொல்லிவிட்டு முற்றத்தைக் கூட்டினார். நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் "பாணி - தண்ணீர்" என்றும் எழுதி வைத்திருக்கிறார்.