ஹெர்பீஸ் நெகட்டிவ், எரிவு மட்டும் விடுதில்ல: மட்டக்களப்பில எங்க காட்டலாம்?

ஒருவருக்காகக் கேட்கிறன். ஆணுறுப்பு முனையில மாதக்கணக்கா எரிவு, சிவப்பு, கொப்புளமே வரல்ல. ஹெர்பீஸ் (பாலுறவால தொத்துற கொப்புள வைரஸ்) இருக்கா எண்டு பார்க்கிற ஐஜிஜி இரத்தப் பரிசோதனை (பழைய தொற்றுக்கு உடம்பு உண்டாக்கின எதிர்ப்புப்பொருளைப் பார்க்கிறது), உடலுறவுக்கு 12 வாரம் கழிச்சுத்தான் எடுத்தது, நெகட்டிவ். ஐஜிஎம் எண்ட மற்ற எதிர்ப்புப்பொருள் பரிசோதனை எடுக்கச் சொல்லாதீங்க, அது வீண் குழப்பம். பிசிஆர் சுவாபுக்கு (புண்ணில பஞ்சுக்குச்சியால எடுத்து வைரஸைத் தேடுற பரிசோதனை) புதுப் புண் வேணும், 48 மணித்தியாலத்துக்குள்ள எடுத்தா நல்லம். பொருக்கில எடுத்தா வைரஸ் இருந்தாலும் தவறும்.

இனிப் பார்க்க வேண்டியது கண்டிடா பூஞ்சை, சவர்க்கார ஒவ்வாமை, லைக்கன் ஸ்க்லரோசஸ் (தோல் வெளுத்துத் தடிக்கிற, தொத்தாத நாட்பட்ட தோல் நோய்). சீனி வருத்தம் இருந்தாப் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும், அதால இரத்தத்தில வெறுவயிற்றுச் சீனியும் பார்க்கணும். பாமசியில கொடுத்த ஸ்டீரொயிட் கலந்த பூஞ்சைக் கிறீம் பூசினா அடங்குது, விட்டா திரும்புது. நிப்பாட்டியாச்சு, இப்ப வெறும் தண்ணி, வாசனையில்லாத வஸ்லின் மட்டும்.

தோலைச் சுரண்டிப் பூஞ்சை பார்க்கிற வசதி மட்டக்களப்பிலயா, கல்முனையிலயா இருக்கு? பாலியல் நோய்க் கிளினிக் எந்தெந்த நாள்? தோல் கிளினிக்குக்கு டொக்டர்ர துண்டு வேணுமா? தெரிஞ்சவங்க உள்பெட்டியில சொன்னாலும் போதும்.