புதுப்பிப்பு: புரொஜெக்டர் வாங்கியாகிவிட்டது, இடைஞ்சல் மின்விசிறிதான்

பன்னிரண்டு அடி நீள அறைக்கு எந்தப் புரொஜெக்டர் வாங்கலாம், டிஎல்பியா (நுண்கண்ணாடிச் சில்லால் படம் காட்டுவது), த்ரீ எல்சிடியா (சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி எல்சிடி பலகை கொண்டது) என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். த்ரீ எல்சிடியையே வாங்கினேன். ஒற்றைச் சில்லு டிஎல்பி நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதால் சிலருக்குத் தெரியும் வானவில் சிதறல் என் மனைவி கண்ணில் கடையிலேயே பட்டுவிட்டது. அதற்கு மேல் விவாதம் ஏது!

மூலைவிட்டம் 100 அங்குலமுள்ள 16:9 திரையின் அகலம் சுமார் 221 செ.மீ. என் கருவியின் வீச்சு விகிதம் (திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் கருவி இருக்க வேண்டும் என்பது) 1.3. இரண்டையும் பெருக்கினால் 287 செ.மீ., அதாவது ஒன்பதரை அடிக்குச் சற்றுக் குறைவு. அறைக்குள் தாராளமாக அடங்கியது. ஆனால் கூரையில் மாட்டினால் ஒளிக்கற்றை நடுவிலுள்ள மின்விசிறி இறக்கைகளில் மோதுகிறது. கருவியைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து கோணலாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் வசதியால் சரிசெய்யலாம் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும். பிக்சல்கள் வீணாகும், கூர்மையும் குறையும். கூரை விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி பொருத்தினோம். அம்மாவுக்கு இன்னும் கோபம்.

மலிவுக் கருவிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பெட்டியில் வெளிச்ச அளவு வெறும் ‘லூமென்’ என்றிருந்தால் நம்பாதீர்கள். ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ தரமுறைப்படி அளந்த லூமென் அளவைக் கேளுங்கள்.