விடியற்காலைக் குளிரில் 4ஜி மாட்யூல் ரீசெட் ஆகிறது: பவர் சப்ளையில் எதை மாற்றுவது?

கேத்தி_தோட்டம்:
கேரட் தோட்டத்தில் உறைபனி அலாரத்துக்கு எஸ்எம்எஸ் அனுப்ப ஏ7670சி என்ற 4ஜி மாட்யூல் வைத்திருக்கிறேன். 12 வோல்ட் 7 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி, சோலார் பேனல், எல்எம்2596 பக் போர்டு (வோல்டேஜைக் குறைத்துத் தருவது). அவுட்புட் 3.8 வோல்ட், மீட்டரில் ஆடாமல் நிற்கிறது. பக் போர்டிலிருந்து மாட்யூலுக்கு அரை மீட்டர் ஜம்பர் ஒயர். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் பக் போர்டு பக்கம். மேட்டில் வீட்டில் வைத்தால் எஸ்எம்எஸ் ஒழுங்காகப் போகிறது. பள்ளத்தில், அதுவும் விடியற்காலையில், நெட்வொர்க் தேடும்போதே அணைந்து எழுகிறது. 18650 லித்தியம் செல்லுக்கு மாறிவிடலாமா?

கோத்தகிரி_சர்க்யூட்:
அண்ணா, மீட்டரை நம்பாதீங்க, அது சராசரியைத்தான் காட்டும். 2ஜி-யில் மாட்யூல் 4.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 577 மைக்ரோசெகண்ட் மட்டும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பள்ளத்தில் சிக்னல் குறைவு. டவரை எட்ட முழு பவரில் கத்தும். மேட்டில் அந்த அவசியம் இல்லை.

ஜம்பர் ஒயர் மெல்லிசு. போக வர ஒரு மீட்டருக்குச் சுமார் 0.2 ஓம், 2 ஆம்பியரில் 0.4 வோல்ட் அதிலேயே போச்சு. 3.8-இல் மிச்சம் 3.4, இந்த மாட்யூலுக்குக் கீழ் எல்லையே அதுதான். பின் கனெக்டரில் கொஞ்சம் போனாலும் அணைந்துவிடும்.

பக் போர்டை மாட்யூலை ஒட்டி வையுங்க. நீள ஒயர் 12 வோல்ட் பக்கம் இருக்கட்டும். அங்கே அதே வேலைக்கு ஓடுவது 0.8 ஆம்பியர்தான். மாட்யூல் பக்கம் 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயர், 10 சென்டிமீட்டருக்குள், சால்டர் பண்ணியே.

குன்னூர்_பெஞ்ச்:
கெப்பாசிட்டரும் இடம் மாற வேண்டும், மாட்யூலுக்குப் பவர் நுழையும் விபேட் பின்னுக்கு ஒரு சென்டிமீட்டருக்குள். 1000 மைக்ரோஃபாரட் தனியாக அந்த 577 மைக்ரோசெகண்டைத் தாங்காது, கணக்குப்படி 1.15 வோல்ட் சரியும். சப்ளையே 2 ஆம்பியர் தர வேண்டும். கெப்பாசிட்டர் முதல் அடியை மட்டும் வாங்கும். சாதா எலக்ட்ரோலிடிக்கின் உள் மின்தடை குளிரில் ஏறும், விடியற்காலையில் படுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) பாலிமர் கெப்பாசிட்டர் போடுங்க, கூடவே 100 நானோஃபாரட் செராமிக்.

பக் போர்டில் வோல்டேஜைத் திருகி மாற்றும் நீலப் பொட்டென்ஷியோமீட்டரைக் கட்டாயம் கழற்றுங்க. மூடுபனி ஈரத்தில் அதன் தொடர்பு விட்டுப்போனால் அவுட்புட் 12 வோல்ட்டை நோக்கி ஏறி மாட்யூலைக் கொன்றுவிடும். அதற்குப் பதில், அவுட்புட்டை அளந்து பார்க்கும் ஃபீட்பேக் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம், அவுட்புட்டுக்கு 2.2 கிலோஓம், இரண்டும் 1 சதவீத ரெசிஸ்டர். அப்போது 3.94 வோல்ட் வரும். மேல் எல்லை 4.2, பயமில்லை.

கேத்தி_தோட்டம்:
சரிங்க. லித்தியம் பற்றிச் சொல்லவில்லையே? சிம் ஜியோ.

கோத்தகிரி_சர்க்யூட்:
ஜியோவில் 2ஜி கிடையாது. மாட்யூலுக்கு ஏடி+சிஎன்எம்பி=38 என்ற கட்டளை கொடுத்து 4ஜி-யிலேயே பூட்டிடுங்க, அந்த 2 ஆம்பியர் அடியே வராது. சிக்னல் அளவைக் கேட்கும் ஏடி+சிஎஸ்கியூ கட்டளை 10-க்குக் கீழே காட்டினால் ஆண்டெனாவைக் கம்பத்தில் ஏற்றுங்க. சிக்னல் ஏறினால் கரண்ட் தானே இறங்கும்.

லித்தியம் வேண்டாம். உறைபனி விழுந்த காலையில் பேனலில் வெயில் பட்டதும் சார்ஜ் ஆரம்பித்துவிடும். பெட்டிக்குள் செல் இன்னும் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கலாம். அந்த நிலையில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், செல் நிரந்தரமாகக் கெடும். லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யும் மலிவான டிபி4056 போர்டுகளில் வெப்பநிலை பின்னைக் கிரவுண்டில் கட்டியே விற்கிறார்கள், தடுக்க ஆளில்லை. லெட் ஆசிட் குளிரில் கொஞ்சம் கொள்ளளவு இழக்கும், அவ்வளவுதான். அதையே வையுங்க. எல்எம்2596 சும்மா இருக்கும்போதே 5 மில்லிஆம்பியர் தின்னும், ஜூலை மழையில் வெயிலே இல்லாத வாரத்துக்கு அதையும் கணக்கில் சேர்த்துக்குங்க.