நிஷா ஆயுப் பற்றி அரை மணி நேர உரை: எதைச் சொல்வது, எங்கே தவறு வரும்?

பட்டர்வொர்த் வாசகர்:
வணக்கம். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் மலேசியத் திருநங்கையும் உரிமைப் போராளியுமான நிஷா ஆயுப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மீதி எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) மாணவர்கள். என் வரைவு 2016 அமெரிக்க விருதில் தொடங்குகிறது. திருநங்கைகள் பெண்ணுடை அணிவதைத் தண்டிக்கும் சட்டம் செல்லாது என்று 2014-இல் வந்த தீர்ப்பில் முடிகிறது. இரண்டு சந்தேகங்கள். அந்தத் தீர்ப்பை அவருடைய வெற்றியாகச் சொல்லலாமா? "அது ஷரியா சட்டம்தானே, நம் தமிழ்த் திருநங்கைகளுக்கு அதனால் என்ன?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

செந்தூல் சட்ட மாணவி:
தயவுசெய்து அந்தத் தீர்ப்போடு முடிக்காதீர்கள். அது இன்று நடப்பில் இல்லை. நிஷா அந்த வழக்கின் மனுதாரரும் அல்லர். இந்த இரண்டையும் பலர் மாற்றிச் சொல்கிறார்கள்.

நடந்தது இதுதான். நெகிரி செம்பிலான் ஷரியா குற்றவியல் சட்டம் 1992, பிரிவு 66: பொது இடத்தில் ஆண் ஒருவர் பெண்ணுடை அணிந்தாலே குற்றம். 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே மாநிலத்தைச் சேர்ந்த திருநங்கைகள் இதை எதிர்த்தார்கள். 2012-இல் சிரம்பான் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2014 நவம்பர் 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதி முகமட் ஹிஷாமுடின் யூனுஸ் தலைமையில், அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. தனிமனித சுதந்திரம், சமத்துவம், நடமாட்டம், கருத்து வெளிப்பாடு ஆகிய உரிமைகளை அது மீறுகிறது என்பதே காரணம்.

2015 அக்டோபர் 8 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதை ரத்து செய்தது. ஏன் என்பதை நிதானமாக விளக்குங்கள். ஒரு சட்டத்தை இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதிடுவதானால், அரசியலமைப்பின் 4(4) விதிப்படி கூட்டரசு நீதிமன்ற நீதிபதியிடம் முன் அனுமதி பெற்று அங்கேயே தொடங்க வேண்டும். மனுதாரர்கள் அந்த வழியில் வரவில்லை என்றார்கள். பிரிவு 66 உரிமைகளை மீறுகிறதா என்ற கேள்விக்கு அங்கே பதிலே கிடைக்கவில்லை. "கூட்டரசு நீதிமன்றம் சட்டத்தைச் சரி என்றது" என்று சொன்னால் அதுவும் தவறு.

இன்னொன்று: மாநிலத்துக்கு மாநிலம் வாசகம் மாறும். கூட்டரசுப் பிரதேசத்தின் (கோலாலம்பூர், புத்ராஜெயா, லபுவான்) 1997 ஷரியா சட்டத்தில் பிரிவு 28-க்கு "ஒழுக்கக்கேடான நோக்கம்" என்ற நிபந்தனை உண்டு; நெகிரி செம்பிலானில் உடையே போதும். "மலேசியச் சட்டம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால், கூட்டத்தில் இருக்கும் வழக்கறிஞர் யாராவது உடனே திருத்துவார்.

சௌகிட் தொண்டர்:
விருதில் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விருது முதலில் வந்தால் அவர் அமெரிக்காவால் உருவானவர் என்ற எண்ணம் கேட்பவர் மனதில் விழுந்துவிடும். பிறகு என்ன சொன்னாலும் அது போகாது.

1979-இல் மலாக்காவில் பிறந்தவர். 2000-இல், 21 வயதில், பெண்ணுடை அணிந்ததற்காகக் கைதானார். மூன்று மாதம் ஆண்கள் சிறை. அங்கே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், விவரிக்காதீர்கள். அவர் பின்னாளில் எடுத்த ஒவ்வொரு முடிவும் அங்கிருந்துதான் புரியும். கோலாலம்பூரின் சௌகிட் பகுதியில், எச்ஐவி தடுப்புப் பணி செய்யும் பிடி அறநிறுவனம் அவருக்கு முன்பே திருநங்கைகளுக்கான திட்டம் நடத்தி வந்தது, கார்த்தினி சலாமா போன்றவர்கள் வழியமைத்தார்கள். நிஷாவும் அங்கே பணியாற்றியவர். இந்த முன்கதையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவர் வெற்றிடத்திலிருந்து வந்தவர் போல ஆகிவிடுகிறது.

2010 வாக்கில் திருநங்கைகள் உரிமைக்கான 'ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ்' இயக்கம் தொடங்கியது. அதன் இணை நிறுவனர்களில் நிஷாவும் திலகா சுலாதிரேயும் உண்டு. மேலே சொன்ன வழக்குக்குப் பணம் திரட்டுவதும் மக்களிடம் எடுத்துச் சொல்வதும்தான் முதல் வேலை. 2014-இல் கோலாலம்பூரில் 'சீட்' என்ற திருநங்கையர் உதவி அமைப்பு தொடங்கியது. உணவு, மருத்துவப் பரிசோதனைக்கு வழிகாட்டல், வேலைக்கான பயிற்சி, வயதான திருநங்கைகளுக்குத் தங்குமிடம் எனத் தினசரி வேலை. உரையில் பத்து நிமிடம் இதற்கே கொடுங்கள். வழக்கு தோற்ற பிறகும் நிற்பது இதுதான்.

பிறகு விருதுகள்: 2015-இல் மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அலிசன் டி ஃபோர்ஜஸ் விருது, 2016-இல் அமெரிக்க அரசின் துணிச்சல் மிக்க பெண்களுக்கான அனைத்துலக விருது. இரண்டாவதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். ஒரு நிமிடம் போதும்.

உங்கள் ஊர்க் கதையை விட்டுவிட்டீர்களே! 2018 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து நிஷாவின் படமும் பாலினச் சிறுபான்மையினர் உரிமைச் செயற்பாட்டாளர் பாங் கீ தெய்க்கின் படமும் அகற்றப்பட்டன. உத்தரவிட்டதாக ஒப்புக்கொண்டவர் அப்போதைய சமய விவகார அமைச்சர் முஜாஹிட் யூசோப். ஆட்சி மாறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பினாங்குக் கூட்டத்துக்கு இதைவிட நெருக்கமான தொடக்கம் கிடையாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் எழுத்தர்:
இரண்டாவது கேள்விக்கு. ஷரியா நீதிமன்றம் இந்து, கிறிஸ்துவத் திருநங்கைகளைத் தொடாது, உண்மை. ஆனால் சிறு குற்றங்கள் சட்டம் 1955, பிரிவு 21 தொடும். "அநாகரிக நடத்தை" என்ற சொல் அதில் உண்டு. அபராதம் சிறியது, பிடித்துக்கொண்டு போய் நிலையத்தில் உட்கார வைப்பதே தண்டனையாகிறது.

அதைவிடப் பெரிது மைகார்டு எனும் தேசிய அடையாள அட்டை. பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. வேலை நேர்காணல், வங்கி முகப்பு, மருத்துவமனை வார்டு என எங்கே அட்டையை நீட்டினாலும் அது காட்டிக்கொடுக்கும். 2005-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் ஒருவருக்கு மாற்ற அனுமதித்தது. அதே ஆண்டு ஈப்போ உயர்நீதிமன்றம் இன்னொருவருக்கு மறுத்தது. 2016-இல் நீதிபதி நந்த பாலன் ஒரு திருநம்பிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்; மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. இந்த வழக்குகள் அட்டை வழங்கும் தேசியப் பதிவிலாகாவுக்கு எதிராக, சிவில் நீதிமன்றத்தில் நடந்தவை. ஷரியாவுக்கு இதில் இடமே இல்லை. "நமக்கென்ன" என்பவருக்கு இதைக் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சையும் அப்படியே. கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து வந்தது 1980-களின் தொடக்கத்தில் வந்த ஃபத்வாவுக்குப் பிறகு நின்றது. நம் பிள்ளைகளும் தாய்லாந்துக்குத்தான் போகிறார்கள்.

பட்டர்வொர்த் வாசகர்:
மூவருக்கும் நன்றி. 2018 படத்தில் தொடங்கி, 2000-க்குப் போய், வழக்கு, சீட், மைகார்டு என்று மாற்றி எழுதுகிறேன். அந்தப் படத்தைத் திரையில் காட்டலாமா?

சௌகிட் தொண்டர்:
படம் எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சீட் வழியாக நிஷாவுக்கும் ஒரு வரி தெரிவியுங்கள். அதிகாரிகளின் அதிரடிச் சோதனைகளில் பிடிபட்ட திருநங்கைகளின் பத்திரிகைப் படங்கள் எதுவும் வேண்டாம். அவற்றில் முகம் தெரியும் பெண்கள் பலர் இன்னும் அதே ஊரில் வேலை பார்க்கிறார்கள். பிறப்புப் பெயர்களையும் சொல்லாதீர்கள். பினாங்கிலிருந்து தமிழ்த் திருநங்கை ஒருவரை மேடைக்கு அழைக்க எண்ணினால், எந்தக் கேள்விகள் வேண்டாம் என்று முதல் நாளே கேட்டு நெறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். மற்றப் பேச்சாளர்களுக்குக் கொடுக்கும் அதே தொகையை அவருக்கும் கொடுங்கள்.